வயலுக்கு முதுகு காட்டிய வீடு

ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போதுதான், குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் போக இடமில்லை என்பது எனக்கு உறைத்தது. நெய்வேலியில் முப்பது வருடமாக ஒரே பிளாக், ஒரே வீடு. குழாய் ஒழுகினால் புகார் எழுதிப் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை அடியில் வாளி வைக்கிற கூட்டம் நாங்கள். என் ஷிப்ட்டில் இருந்த ஒருவர் சொல்வார்: "நமக்குன்னு சொந்தமா இருக்கிறது பிபியும் சுகரும்தான்யா. மிச்சமெல்லாம் கம்பெனியோடது."

குள்ளஞ்சாவடிப் பக்கம் 'பண்ணைக் குடியிருப்பு' ஒன்று வருகிறது, நடுவில் வயல், சுற்றிலும் வீடு, நம் இஷ்டப்படி கட்டித் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, மனைவியோடு போனேன். இளநீர் கொடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். விற்பனைக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "சார், இதுதான் முந்திரி" என்றார். முந்திரிக்காட்டுக்கு நடுவே வாழ்கிற நெய்வேலிக்காரனிடம்! அடுத்தது பலாவுக்கு விளக்கம் வருவதற்குள் இறங்கிக்கொண்டேன்.

வயலில் நாலைந்து பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லா வீட்டு ஹாலும் இந்தப் பக்கம்தான் சார் பாக்கும். காலையில காபி குடிச்சிக்கிட்டே பாக்கலாம். மனசுக்கு அமைதி."

அவர் கை நீட்டிய இடத்தில் எனக்குத் தெரிந்தது குனிந்த முதுகுகள்தான். என் மனைவி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவள் அவள்.

அலுவலகத்தில் வரைபடம் போடும் பெண் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, "உங்க கனவு வீட்ட வரைங்க சார்" என்றார். பரவசமாக வரைந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம குவார்ட்டர்ஸுதான?"

அதேதான். இஷ்டப்படி வரையச் சொன்னால், ஓர் அறையின் அளவுகூட மாறாமல் கம்பெனி கொடுத்த வீட்டையே வரைந்து வைத்திருக்கிறேன். என் கனவின் லட்சணம் அவ்வளவுதான்.

"அந்த இருட்டு சமையக்கட்டுல செவுத்த பாத்துகினு முப்பது வருஷம் நின்னாச்சு. காசு குடுத்து அதையே கட்டப் போறீங்களா? குடுங்க இப்படி."

பென்சிலைப் பிடுங்கினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சமையலறை வீட்டு முகப்பில் இருக்க வேண்டும், ரோட்டைப் பார்த்துப் பெரிய ஜன்னலோடு. வயல் பக்கம் வெறும் சுவர்.

வரைபடக்காரப் பெண் பதறிப் போனார். "மேடம், வியூ போயிடுமே! அதுக்குத்தான எல்லாரும் இங்க வராங்க?"

"வர்றவங்க பாத்துக்கட்டும்மா. நான் பாத்தாச்சு. எனக்கு பஸ்ஸு போறது தெரியணும். போற வர்ற ஜனங்க மூஞ்சி தெரியணும்."

மேலாளர் வந்தார். முகப்பழகு கெடும், மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள் என்றார். இஷ்டப்படி என்றால் டைல்ஸின் நிறம் மட்டும்தான் என்று அப்போது விளங்கியது. குவார்ட்டர்ஸில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிக்கூடக் குரல் உயர்த்தாதவன் நான். அன்றைக்கு எழுந்து, "அப்ப வேணாங்க, வரோம்" என்றேன். வாசல்வரை போனதும் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது: கடைசி மூலையில், பஸ் சத்தம் என்று யாருமே சீண்டாத மனை ஒன்று இருக்கிறதாம். அங்கே எப்படி வேண்டுமானாலும் கட்டலாமாம்.

"அத மொதல்லயே காட்டறதுக்கென்னங்க?" என்றாள் இவள்.

அங்கேதான் கட்டினோம். வயலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒரே வீடு எங்களுடையது. ஜன்னலில் நின்று கொத்தமல்லி ஆய்ந்தபடி இவள், பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டுகிறாள். பாதிப் பேர் திருப்பிக் காட்டுகிறார்கள்.

போன ஞாயிறு குடியிருப்பில் நடவுத் திருவிழா. முழங்கால்வரை பூட்ஸும் புதுத் தொப்பியுமாக ஒரு கூட்டம், படம் பிடிக்க ஆளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தது.

"ஆன்ட்டி, நாத்து நடப் போறோம், வாங்க! செம்ம ஜாலியா இருக்கும்."

இவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்: "கூலி எவ்ளோங்க?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.