ஈரத்தோடு ஏற்றச் சொன்ன வாணி

1. ஆள் வரவில்லை

அன்று காலை முழுக்க வாணியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஆள் எதிரில் இல்லை, இருந்தும் திட்டினேன். பிள்ளையார் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. இரண்டு நாளாக லீவும் சொல்லாமல், போனும் எடுக்காமல் இருந்தால் வேறென்ன செய்வது? விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில் நான் சூப்பர்வைசர். பெண்கள் ஸ்டெல்லாக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் உண்டென்பதும் எனக்குத் தெரியும்.

வாணி ஃபினிஷிங்கில் இருந்தாள். மோல்டிலிருந்து எடுத்த பொம்மையை ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. காய்ந்ததா என்று பார்க்க எங்களிடம் மெஷின் எதுவும் கிடையாது. பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சூளையில் ஏற்றினால் சூட்டில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்த விஷயத்தில் வாணியிடம் யார் பேச்சும் எடுபடாது. ஒருமுறை முதலாளியே வந்து, "ஏத்திடும்மா, வண்டி நிக்குது" என்று கெஞ்சினார். "வெடிச்சா நீங்க ஒட்ட வச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அன்றைக்குத்தான்.

2. சாப்பாட்டு நேரத்துப் படம்

பெயின்டிங் செக்‌ஷன் தெய்வானையின் செல்போன்தான் எங்களுக்கு தியேட்டர். மதியம் டப்பாவைத் திறந்ததும் கடத்தல் படம் ஒன்றைப் போட்டுவிடுவாள். ஒரு பெண், ஒரு இருட்டு அறை, முகமூடி போட்ட ஒருத்தன். பெண்கள் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்ப்பார்கள்.

ஒரு படத்தில் அடைபட்ட பெண்ணின் கைக்கு எப்படியோ போன் கிடைத்தது. கடத்தியவன் பக்கத்திலேயே நிற்கிறான். இவள், "காப்பாத்துங்க" என்று அலறினாள். வாணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மக்கு! அவன் கேட்டுகினு நிக்கிறான், இப்படியா கத்துவாங்க? சம்பந்தமே இல்லாம எதுனா உளறணும்க்கா. நம்மள தெரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சுடும்."

"நீ மொதல்ல சாப்புடுடி. சோறு காயுது" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் மறந்தும் போனேன்.

3. வாழைப்பழம் வாங்கி வந்தவர்

அந்தக் காலையில்தான் வாணியின் பெரியப்பா வந்தார். நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு, எங்கள் பெண்களுக்கென்று கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, அவ்வளவு மரியாதை.

"வாணி இனிமே வேலைக்கு வராதுங்க. மாப்ள பாத்தாச்சு. வெள்ளிக்கெழம கல்யாணம். அவங்க அம்மாவோட எங்க வூட்டுலதான் இருக்குது" என்றார்.

பின்னாலிருந்து தெய்வானை என் புடவையை இழுத்தாள். காதருகில் வந்து, "பொய்க்கா. அவ மணியத்தானே கட்டிக்கறதா இருந்தா? மணிய அடிச்சுப் போட்டுட்டாங்க, ஆஸ்பத்திரில கெடக்குறான்னு இப்பத்தான் சேதி வந்துச்சு. சாதி வேறன்னு வாணி வூட்டுல ஒத்துக்கல" என்றாள். மணி சேத்தியாத்தோப்புப் பையன். எங்கள் பொம்மைகளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிப் போகிறவன்.

 கேட்டதாக நான் முகத்தில் காட்டவில்லை. ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சந்தோஷங்க. ஆனா பாருங்க, இத ஏத்தலாமா வேணாமான்னு அதுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கறேன், போன் போட்டுக் குடுங்க."

வேலை விஷயம்தானே என்று நினைத்திருப்பார். போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்து வாணியிடம் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, நான் நல்லா இருக்கேன். என் இஷ்டத்துலதான் இங்க வந்தேன்."

அதை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

"சரிடி. இந்தப் பெரிய புள்ளையாரு அடியில ஜில்லுனு இருக்குது. என்னா பண்றது?"

 தூரத்தில் ஒரு மிக்ஸி ஓடுவது கேட்டது.

"ஈரம் இருந்தா இருக்கட்டும்க்கா. அப்படியே ஏத்திடுங்க. ஒண்ணும் ஆவாது."

 பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ஹாலில் புரியாத ஒரே ஆள் பெரியப்பாதான்.

"ஏத்திடறேன்டி" என்று மட்டும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

4. தனியாகக் கேளுங்கள்

போலீசுக்குப் போகணும் என்றதும் முதலாளி ஒரே பிடியாக நின்றார். "இது அவங்க குடும்ப விஷயம் ஸ்டெல்லா. நமக்கு ஏன் ஊர் வம்பு?"

"என் பொண்ணு வெடிக்கட்டும்னு வுட்டுட்டு பொம்மைக்குக் கலர் அடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். தெய்வானையும் கூட வந்தாள்.

மகளிர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். கன்னம், ஈரம், சூளை எல்லாவற்றையும். "ஒரு பொம்மைய வச்சு கடத்தல்ங்கறீங்க. பெத்தவங்க கூடத்தானேம்மா இருக்குது?" என்றார். ஆனாலும் ஜீப்பை அனுப்பினார். பெண் மேஜர், ஒரு பையன் அடிபட்டுக் கிடக்கிறான் என்பதை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வாணியை அழைத்து வந்தார்கள். கூடவே அம்மா, பெரியப்பா, இன்னும் நாலு பேர். தலை நிறையப் பூ. உடம்பில் ஒரு கீறல் இல்லை. படத்தில் வருகிற எதுவும் அவளிடம் இல்லை. அவள் அம்மா மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"பெத்தவங்களோட போறியாம்மா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"போறேங்க."

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.  இத்தோடு கூட்டிப் போய்விட்டால் வெள்ளிக்கிழமை கல்யாணம், அப்புறம் அவளை யார் பார்ப்பது?

"மேடம், உங்க கால்ல வேணா வுழறேன். இத்தன பேரு நடுவுல கேக்காதீங்க. தனியா கேளுங்க."

"ஏய், நீ யாருடி கேக்கறதுக்கு?" அந்த மரியாதைக்காரர் குரல் இப்போதுதான் வெளியே வந்தது.

எஸ்.ஐ. எழுந்தார். "எல்லாரும் வெளிய போங்க." நான் அசையாமல் நின்றேன். "நீயும்தாம்மா" என்றார்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் நானும் வாணியின் அம்மாவும் உட்கார்ந்தோம். வேறு இடம் இல்லை.

"நாலு வேளையும் ஊட்டி வுட்டேன். தலை வாரி, பூ வச்சேன். என்னப் போயி கடத்தினவன்னு எழுதிக் குடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று அழுதாள்.

"ரூமுக் கதவ வெளியில பூட்டி வச்சீங்களா, இல்லியா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கேட்ட கேள்வியை நான் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. "அது உங்களோட வரலையாம். பொம்பளைங்க ஹோமுக்கு அனுப்பறேன். அப்புறம் அது இஷ்டம்" என்று எஸ்.ஐ. சொன்னார். பெரியப்பா போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வாணி வெளியே வந்தாள். தலையிலிருந்த பூவை எங்கோ எடுத்துப் போட்டிருந்தாள். நேரே என்னிடம் வந்தவள் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

"அக்கா, ஏத்திடலையே?"

"நான் என்ன மக்காடி?" என்றேன். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

5. இப்போது

தெய்வானை இன்னமும் படம் போடுகிறாள். புதிதாகச் சேர்கிற பெண்கள், "நெசமா இப்படி நடக்குமாக்கா?" என்று கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் இருட்டு அறையும் முகமூடியும் அதற்குத் தேவையில்லை. பதில் சொல்லும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும்.

அதனால் யார் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்க்கக் கூட்டிவந்தாலும், அப்பாவோ அண்ணனோ புருஷனோ, முதலில் அவரை எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிடுகிறேன். அவர் ரோட்டைத் தாண்டும் வரை பேசாமல் இருப்பேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இப்ப சொல்லும்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்பேன்.