பெயருக்கு விட்ட இடம்

பூசணி விதையை உப்புப் போட்டு வறுத்து, சட்டைப்பையில் இரண்டு கைப்பிடி கொட்டிக்கொண்டுதான் நசாரியோ வீட்டைவிட்டுக் கிளம்புவார். முன்பற்களுக்கு நடுவே விதையை நிறுத்தி ஒரு கடி. டிக். தோல் இடதுபக்கம் பறக்கும், பருப்பு உள்ளே போகும். பசிக்காகத் தின்பதில்லை, யாராவது கேள்வி கேட்டால் தின்பார். முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ யாருக்குண்ணே ஓட்டு?" என்பார். டிக். பாதிரியார் வழிமறித்து, போன ஞாயிறு பூசைக்கு ஏன் வரவில்லை என்பார். டிக். வாயில் விதை இருக்கும்போது பேசக்கூடாது என்பது அவர் வீட்டு ஒழுக்கமாம். எங்கள் ஊர் சாண்ட்டா ரீத்தாவில் இவ்வளவு ஒழுக்கமான மனிதர் வேறு கிடையாது.

வயது அறுபத்திரண்டு. ஆள் ஒல்லி, கையிலிருக்கும் பத்துத் தந்திக் கிட்டார்தான் தொப்பை போட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டார் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு தானே நடந்து வருவதுபோல இருக்கும். வியாழன் சந்தையன்றும் ஞாயிறு மாலையும் சதுக்கத்து மண்டபத்தில் அவர் பாட்டு. மண்டபத்தில் பாட நகரத்தலைவர் கையெழுத்துப்போட்ட அனுமதிச் சீட்டு வேண்டும், வருடத்துக்கு ஒன்று. தாத்தா காலத்திலிருந்து அது இந்தக் குடும்பத்தைவிட்டுப் போனதில்லை. வீட்டுப் பத்திரத்தைக் கரையான் அரித்தபோது சும்மா இருந்தவர், சீட்டை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று மனைவி கேட்டதற்கு, "மாதா வருசா வருசம் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேக்குறதில்லயே" என்றாராம்.

எங்கள் பக்கத்துக் கதைப்பாட்டு நாள், கிழமை, ஊர் சொல்லி ஆரம்பிக்கும். ஓர் ஆளின் தீரத்தைச் சொல்லும். அவன் செத்து விழுந்த இடத்தில் முடியும். அதனால் உயிரோடு இருப்பவன் பெயரைப் பாட்டில் வைக்கமாட்டார்கள். வைத்தால் பாட்டு தன் முடிவைத் தானே தேடிக்கொள்ளும் என்று பயம். நசாரியோவின் சித்தப்பா ஒருமுறை கற்றாழைக் கள் தலைக்கேறி, ஒரு குதிரைத் தரகரைப் பெயர் சொல்லிப் பாடிவிட்டார். மூன்றாம் வாரம் கோவேறு கழுதை உதைத்துத் தரகர் போய்ச் சேர்ந்தார். அது எப்போதும் உதைக்கிற கழுதைதான். ஆனாலும் ஊர் பழியைப் பாட்டின்மேல்தான் போட்டது.

சிக்கல் என்னவென்றால், செத்தவர்கள் யாரும் பாட்டுக்குச் சொல்லியனுப்புவதில்லை. வேலை நிறுத்தம் செய்கிறவன், தேர்தலில் நிற்கிறவன், கோயிலுக்கு மணி வார்த்துக் கொடுத்தவன் எல்லாருமே உயிரோடு இருந்துதொலைக்கிறார்கள். நசாரியோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "தவிச்ச ஊருக்குத் துணை நின்னது யாரு?" என்று உரக்கப் பாடி, கிட்டாரை நிறுத்திவிடுவார். இரண்டு தட்டு மௌனம். அந்த இடத்தில் கூட்டம் பெயரைக் கத்தவேண்டும். கத்தி முடித்ததும் கை தந்திக்குத் திரும்பும். பெயர் பாட்டிலும் வந்துவிட்டது, பாடியவர் வாயிலிருந்தும் வரவில்லை. கழுதை உதைத்தால் ஊர் பொறுப்பு.

இந்த ஒரே பாட்டு ஆசிரியர் சங்கத்தின் நாற்பது நாள் போராட்டத்தை நடத்திக் கொடுத்தது. அந்த ஆசிரியர்களை அடிக்கச் சொன்ன நகரத்தலைவர் மறுபடி நின்றபோது அவர் மேடையிலும் ஏறியது. சர்க்கரை ஆலை வாசலில் தொழிலாளிகளுக்கு. உள்ளே முதலாளியின் பிறந்தநாளுக்கு. ஒருமுறை கால்பந்துக் குழுவுக்கும் பாடினார், அவர்கள் தோற்றபிறகு. புரட்சிக் காலத்தில் இவருடைய தாத்தா, விடியற்காலையில் சுடப்படுகிறவர்களுக்கும் சாயங்காலம் சுட்டவர்களுக்கும் பாடினவர் என்று சொல்வார்கள். குடும்பத் தொழில் மாறவில்லை.

"எல்லாருக்கும் ஒரே பாட்டா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சவப்பெட்டி செய்யுறவன்கிட்ட கட்சி கேப்பியா தம்பி? அவனாச்சும் அளவு கேப்பான். நான் அதுவும் கேக்குறதில்ல."

பெருவிரல் ரேகை வைத்த தகப்பனுக்குப் பிறந்து, சாண்ட்டா ரீத்தாவின் முதல் பட்டதாரியானவன் நான், சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை. தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் பாட்டையும் போராட்டத்தையும் பற்றித் தொண்ணூறு பக்கம் எழுதினேன். அதில் நசாரியோவை மக்களின் மனச்சாட்சி என்று குறிப்பிட்டிருந்தேன். ஊருக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, டிக்.

இந்த வருடம் ஊற்று விவகாரம் வந்தது. மலையடி ஊற்றிலிருந்து வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீரில்தான் எங்கள் சோளமும் தக்காளியும் விளைகின்றன. அங்கே ஒரு பம்பு வைத்து, குழாய் போட்டு, மேட்டில் கட்டியிருக்கும் வாரக்கடைசி வீடுகளுக்குக் கொண்டுபோக நகரத்தலைவர் ரென்தெரியா ஏற்பாடு செய்தார். அந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை தலைநகரத்திலிருந்து கார்கள் வரும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நீச்சல் குளங்கள் மட்டும் வாரம் முழுக்க அங்கேயே இருக்கும், தாகத்தோடு. திட்டத்துக்கு 'எல்லோருக்கும் தண்ணீர்' என்று பெயர் வைத்தார்கள்.

எர்மெலிந்தா சந்தை முனையில் சோளக் கொழுக்கட்டை விற்கும் பெண்மணி. அவர் அடுப்பை அணைத்துவிட்டு எண்பது பெண்களோடு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார். பத்தொன்பது நாள். பாட்டில்லாத போராட்டத்தை எங்கள் ஊரில் போக்குவரத்து நெரிசல் என்றுதான் சொல்வார்கள். ஆகவே நசாரியோவைக் கூப்பிட்டார்கள். போனார், பாடினார், எண்பது பெண்களும் எர்மெலிந்தா பெயரை இடைவெளியில் நிரப்பப் பழகிக்கொண்டார்கள்.

அதே வாரம் நகரத்தலைவரின் செயலாளர் கபினோ வந்து, பம்பு திறப்பு விழாவுக்குப் பாட்டு வேண்டும் என்றார். கபினோ தலைநகரத்து ஆள். அடுத்த வருடச் சீட்டு தலைவர் மேசையில்தான் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நசாரியோ அவருக்கும் சரி சொல்லிவிட்டார்.

எர்மெலிந்தாவுக்குத் தெரிந்துபோயிற்று. சந்தையில், நாலு பேர் பார்க்க நிறுத்தினார்.

"ஒம்ம தக்காளிக்கும் அதே வாய்க்கால்தாண்ணே. செடி காஞ்சா, அதுக்குக் கிட்டார் வாசிச்சுத் தண்ணி விடுவீரா?"

டிக்.

"கடியும், கடியும். அந்தப் பூசணியும் இந்தத் தண்ணியிலதான் காய்ச்சுது."

அன்று அவர் தோலைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டு இருமியதை நான் பார்த்தேன்.

உழவர்களின் புனிதர் சான் இசித்ரோ திருநாளன்று விழா. பூமாலை போட்ட எருதுகளை ஓரமாகக் கட்டிவிட்டு ஊரே சதுக்கத்தில் நின்றது. பெண்கள் காலி வாளிகளோடு வந்திருந்தார்கள். கபினோ முன்னேற்பாடுள்ளவர், பக்கத்து ஊரிலிருந்து நாற்பது ஆண்களை ஒரே நிறச் சட்டையில் கொண்டுவந்து, எந்த இடத்தில் பெயரைக் கத்தவேண்டும் என்று மூன்றுமுறை ஒத்திகை பார்த்திருந்தார்.

நசாரியோ நாள் சொன்னார், கிழமை சொன்னார். "தவிச்ச ஊருக்குத் துணை நின்னது யாரு?" கிட்டார் நின்றது. நாற்பது ஆண்கள், ரென்தெரியா என்றார்கள். எண்பது பெண்கள் வாளியைத் தட்டி, எர்மெலிந்தா என்றார்கள். கணக்கு யாருக்கும் புரியக்கூடியதுதான்.

இரண்டாவது இடைவெளியில் நாற்பது பாதியானது. பக்கத்து ஊர்க்காரர்களில் பலர் எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்கள். எதிரே வாளியோடு மாமியார் நின்றால் எந்த மருமகன்தான் வாய் திறப்பான்? மூன்றாவது இடைவெளியில் தலைவர் பெயர் ஒற்றைக் குரலில் கேட்டது. அது கபினோவின் குரல்.

அவர் வேர்த்துப்போய் மேடையேறி, நசாரியோவின் காதில் குனிந்தார். மைக்கும் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் ஊருக்கே கேட்டது.

"கடைசி அடியில பேர நீங்களே சொல்லணும், பெரியவரே. இல்லேன்னா மண்டபச் சீட்ட மறந்துருங்க."

எங்கோ ஒரு பெண், "ஐயோ, ஆள முடிச்சிருவாரே" என்றாள். சிலர் சிலுவைபோட்டுக்கொண்டார்கள். ரென்தெரியா எங்கள் ஊரில் பிறந்தவர். போன மாதம்தான் மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று இதே மேடையில் அரைமணி நேரம் பேசியிருந்தார். இப்போது நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எருதுகள் நின்ற பக்கம் எதையோ தேடினார். கழுதை ஏதும் நிற்கிறதா என்று பார்த்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது; சொன்னால் அந்த அரைமணி நேரப் பேச்சு என்னாவது?

நசாரியோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கடைசி அடியை, வழக்கத்தைவிட நிதானமாகப் பாடினார். கிட்டார் நின்றது. இந்தமுறை பெண்களும் கத்தவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபினோ மைக்கை அவர் உதட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை நெருக்கி வைத்தார்.

நசாரியோவின் வலதுகை தந்தியைவிட்டு மேலே போனது. சட்டைப்பைக்குள் நுழைந்தது. எடுத்த விதையை முன்பற்களுக்கு நடுவே நிறுத்தி, கபினோவைப் பார்த்துக்கொண்டே கடித்தார். சதுக்கத்தின் நான்கு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

டிக்.