விளிம்பு உடைந்த கொட்டாங்குச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில் புதூர்நாட்டில் நாங்கள் மாவு மிஷின் வைத்திருந்தோம். மலையில் அப்போது காசைவிடத் தானியம்தான் அதிகம் புழங்கும். அரைக்க வரும் பெண்களிடம் மரக்கால் கேழ்வரகுக்கு ஒரு கொட்டாங்குச்சி கேழ்வரகைக் கூலியாக எடுத்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் அளப்பார், நான் மாவைப் பிடித்துக் கொடுப்பேன். அந்தக் கொட்டாங்குச்சியின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அதைத் தெரியாத பெண் அந்தப் பக்கத்தில் கிடையாது.

கீழே திருப்பத்தூரில் மிஷின் இன்ஜினுக்கு வாங்கும் டீசல் விலை ஏறியது. அதைக் கொண்டுவரும் ஜீப்காரரும் வாடகையை ஏற்றினார். கூலியைக் கூட்டாமல் முடியாது. "வர்றவங்க கிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெனமும் வர்றவங்க. மூஞ்சப் பாத்து எப்பிடிச் சொல்றது? பாக்கலாம்."

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் இன்ஜின் கிளம்பவில்லை. அவர் உள்ளே அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் காத்திருந்ததால் நான் அளக்க உட்கார்ந்தேன். கொட்டாங்குச்சி கைக்கு அடங்கவில்லை. விளிம்பில் சில்லு பெயர்ந்துதான் இருந்தது, ஆனால் உடைந்த இடம் புதிதாக இருந்தது. பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து, பழையதைப் போலவே விளிம்பை உடைத்து வைத்திருக்கிறார் மனிதர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூலியைக் கூட்டிக் கேட்க வெட்கமாம், இதைச் செய்ய மட்டும் வெட்கம் இல்லை.

பழையது விறகுக் குவியலில் கிடந்தது. துடைத்து எடுத்து வந்தேன். வரிசையில் முதலில் நின்றவள் மிஷின் வந்த நாளிலிருந்து வருகிறவள், என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவாள்.

"யக்கா, டீசல் ஏறிடுச்சி. இனிமே மரக்காலுக்கு இதுல ஒண்ணரை எடுக்கணும்" என்றேன்.

"எடுத்துக்க" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "கொட்டாங்குச்சி மாறுன அன்னிக்கே தெரியும். வூட்ல களிக்கு மாவு பத்தல."

"அப்பவே ஏன் கேக்கல?"

"இன்னாத்தக் கேக்கறது? புருசனும் பொஞ்சாதியும் சேந்துதான் செய்யறீங்கன்னு இருந்தோம்."

பின்னால் நின்றவர்களில் ஒருத்தியும் மறுக்கவில்லை. அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டேதானா இத்தனை நாளும் என் கையிலிருந்து மாவை வாங்கி, "போய்ட்டு வர்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்?

இன்ஜின் இன்னும் கிளம்பவில்லை. உள்ளே அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். பெரிய கொட்டாங்குச்சியை உள்ளே கொண்டுபோய் அவர் காலடியில் போட்டு மிதித்து நொறுக்கினேன்.

"நீங்க இன்ஜினப் பாருங்க. அளக்கற எடத்துக்கு வராதீங்க."



மிஷினை விற்கும்வரை நான்தான் அளந்தேன். கூலி ஏறியதைப் பற்றி ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஆனால் கொட்டாங்குச்சியை என் கையிலிருந்து வாங்கி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் மூட்டையைப் பிரிப்பாள்.