மணியில் நான் திருத்திய பெயர்

பத்து வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது. தாத்தா தொடங்கிக் குடும்பத்தில் எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். மற்றப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதினார்கள். நான் யாரையும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பேன்.

பங்குனி உத்திரத்துக்கு ராஜபாளையத்திலிருந்து சேத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போனோம். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டவர்கள் அங்கே பித்தளை மணி கட்டுவார்கள். பெயர் வெட்டித்தான் கட்டுவது. சாமிக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே. மணி மணியாகப் படித்துத் தாத்தாவைப் பிடித்தேன், அவருடைய அண்ணனையும் பிடித்தேன். கடைசி வரிசையில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சின்ன மணி. அதில் அப்பா பெயர், அம்மா பெயர், அடியில் 'குழந்தை ராமலட்சுமி'.

எங்கள் வீட்டில் ராமலட்சுமி என்று யாரும் இல்லை. மூத்தவள் நான், அடுத்தவன் தம்பி, அவ்வளவுதான். ஆக, இது எனக்குக் கட்டிய மணி. பாத்திரக்கடைக்காரர் வேறு யாரோ பிள்ளையின் பெயரை வெட்டித் தொலைத்திருக்கிறார். பத்து வருடமாக ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை! எனக்கு வந்ததே கோபம். நோட்டோடு கொண்டுபோயிருந்த காம்பஸை எடுத்து, ராமலட்சுமியின் மேல் நறநறவென்று கோடு இழுத்து, பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தைதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட" என்று காம்பஸைப் பிடுங்கினாள். அப்பா பொங்கல் அடுப்பை விட்டு எழுந்து வந்து பார்த்தார், அப்படியே அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் அம்மா வந்தாள். மோரைக் கொட்டினாலே முதுகில் ஒன்று வைக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி அவள். நியாயம் என் பக்கம் இருந்ததால் நான் நிமிர்ந்தே நின்றேன். பெயர் தப்பாக இருந்ததையும் நான் சரி பண்ணியதையும் விளக்கிச் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. "விடுங்க மதினி, அவளுக்கு என்ன தெரியும்? நாமதான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை வாயைத் திறந்தாள். எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து, பதினோரு மாதம் இருந்து, காய்ச்சலில் போய்விட்டாளாம். அம்மா பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று படம், சட்டை, வளையல் எல்லாவற்றையும் அத்தையே அப்புறப்படுத்தியிருக்கிறாள். சாமிக்குக் கட்டியதை மட்டும் அவிழ்க்கக் கூடாதென்று விட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் மிச்சமிருந்தது அந்த மணியில் மட்டும்தான். அதன் மேலேயும் நான் போய்க் கோடு இழுத்துவிட்டேன்.

அன்றைக்கு அம்மா மணியைக் கையில் ஏந்தி, நான் கிழித்த கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கையெழுத்து அம்புட்டுப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்து நல்லாத் தெரியுதாம்மா என்று கேட்டேன்.

"தெரியுது தாயி" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.