தேடுகிற ஆள்

சிவமலருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தேநீர் ஆறும் வரைகூட ஒரு கதிரையில் இருக்கமாட்டாள். கோப்பையைக் கையில் பிடித்தபடி வீடெல்லாம் நடப்பாள். பிறகு அதை எந்த அறையில் வைத்தோம் என்று தேடிக்கொண்டு இன்னொரு சுற்று நடப்பாள். ஐம்பது தாண்டினால் கால் கொஞ்சம் அடங்கும் என்று அவளுடைய கணவர் பத்மநாதன் நம்பியிருந்தார். ஐம்பத்தொன்றும் வந்துவிட்டது. கால் அடங்கவில்லை. இந்த ஓகஸ்ட் மாதம் லண்டன் மனோர் பார்க்கில் அவர்களுடைய வீட்டுப் படிகள் பட்ட பாடு சொல்லி மாளாது.

காரணம் அமெரிக்காவில் இருந்தது. யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், சிவந்த பாறையைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய ஒரு பிளவு. மேலே நின்று பார்த்தால் நிலத்தில் ஒரு கீறல் மாதிரித்தான் தெரியும். உள்ளே இறங்கினால் இரண்டு பக்கமும் நூறடிச் சுவர். கையை விரிக்க இடமில்லை, சில இடங்களில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நகரலாம். ஐந்து இடங்களில் கயிற்றில் இறங்கவேண்டும். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பின்னேரம் ஐந்து மணியளவில் மறுமுனையால் வெளியே வரலாம். ஒக்ரோபர் முதல் கிழமையில் ஆறு பேர் போவதாகத் திட்டம்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் பீற்றர். அமெரிக்காவில் பத்து வருடம் நில அளவையாளராக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நடக்கும் ஒரு தமிழர் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பிளவுக்குள் மூன்று தரம் போய்வந்ததைப் பற்றி ஒருநாள் நடக்கும்போது சொன்னார். "முதல் இறக்கத்திலை இறங்கிக் கயித்தை இழுத்து எடுத்தால் சரி. பிறகு ஏறித் திரும்ப ஏலாது. முன்னுக்குத்தான் போகலாம்" என்றார். மற்றவர்கள் ஐயோ என்றார்கள். சிவமலருக்கு அந்த இடத்திலேயே பித்துப் பிடித்துவிட்டது.

அவளுடைய வேலையைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. கிழக்கு லண்டனில் ஒரு பஸ் டிப்போவில் சாரதிகளுக்கு ஷிப்ட் போடுகிறவள் அவள். பத்தொன்பது வருடமாக, எந்தச் சாரதி எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். போன பஸ் எல்லாம் திரும்பி வரும். மறுநாள் அதே வழியில் போகும். முன்னுக்கு மட்டும் போகிற வழியில் ஒரேயொரு நாள் நடக்க வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டதில் என்ன பிழை?

ஆயத்தங்கள் தொடங்கின. முதுகுப் பைக்குள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு வொன்ஸ்டெட் வெளியைத் தினமும் இரண்டு சுற்றுச் சுற்றினாள். எதிர்ப்பட்ட தெரிந்தவர்கள், பைக்கு வெளியே தெரிந்த மூட்டையைக் கண்டு, வீட்டில் ஏதோ விசேஷமாக்கும் என்று நினைத்து எப்போது சாப்பாடு என்று கேட்டார்கள். கயிற்றில் இறங்கப் பழகும் வகுப்புக்குப் போய்வந்து, உள்ளங்கை உரிந்ததைக் காட்டிப் பெருமைப்பட்டாள். பிளவின் மிக ஒடுங்கிய இடம் ஓரடிக்கும் சற்றுக் கூட என்று கேள்விப்பட்ட அன்று, படுக்கையறை அலமாரியை இழுத்துச் சுவருக்கு ஓரடி தள்ளி வைத்து, அந்த இடைவெளிக்குள் புகுந்து புகுந்து வந்தாள். நாலாம் தரம் நடுவில் சிக்கிக்கொண்டாள். பத்மநாதன் அலமாரியைத் தள்ளி அவளை மீட்டார்.

"அலுமாரி உமக்கு என்ன பிழை செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

பத்மநாதன் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். அமிலப் போத்தல்களில் அபாயம் என்று நாள் முழுக்க லேபல் ஒட்டுகிறவர். ஆனால் வீட்டுக்குள் அபாயமான சொல் ஒன்றைச் சொல்லவிடமாட்டார். வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார், "தூரமோ?" என்றுதான் கேட்பார். மகள் துஷ்யா மன்செஸ்டருக்குப் படிக்கப் போன புதிதில் ஒருநாள் "சரியப்பா, போறன்" என்றுவிட்டாள். வாசல்வரை போனவளைத் திருப்பிக் கூப்பிட்டு, "போட்டு வாறன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்பினார். அவளுக்கு ரயில் தவறிப்போனது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பீற்றருடைய படிவம் வந்து சேர்ந்தது.

பிளவுக்குள் தொலைபேசி வேலை செய்யாது. முப்பது மைலுக்கு அப்பால் மழை பெய்தாலும் உள்ளே வெள்ளம் வரலாம். கால் முறியலாம், கயிறு சிக்கலாம். அதனால் பீற்றரிடம் ஒரு விதி இருந்தது. போகிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஓர் ஆள் பொறுப்பு நிற்கவேண்டும். பின்னேரம் ஏழு மணிக்குள், அதாவது லண்டனில் அதிகாலை இரண்டு மணிக்குள், வெளியே வந்துவிட்டோம் என்ற செய்தி வராவிட்டால் அந்த ஆள் அங்குள்ள பொலிசுக்கு அழைக்கவேண்டும். விடுதிக்காரர்கள் மறந்துபோகலாம், வீட்டுக்காரர் மறக்கமாட்டார் என்பது பீற்றருடைய கணக்கு. பொறுப்பாளி இல்லாதவருக்குக் கயிறும் இல்லை.

பத்மநாதன் படிவத்தை வாங்கினார். மேலே பிள்ளையார் சுழி போட்டார். தன் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் லேபல் எழுத்தில் முத்து முத்தாக எழுதினார். "குறித்த நேரத்துக்குள் அவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு எதிரே, "முருகன் துணை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"முருகனிட்டை ஹெலிகொப்டர் இருக்கோ, சிவமலர்?" என்று பீற்றர் படிவத்தைத் திருப்பித் தந்தபடி கேட்டார்.

"மயில் இருக்கு, அண்ணை" என்றாள். சிரித்தாளே தவிர கணவர்மேல் கோபம் வந்தது.

பீற்றர் விடவில்லை. பத்மநாதனுக்கே அழைத்துக் கேட்டார். சிவமலர் குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"அவ வந்திடுவா" என்றார் பத்மநாதன். சற்றுப் பொறுத்து, "இல்லை, வந்திடுவா தானே" என்றார். மூன்றாம் தரமும் அதையே சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அன்று பின்னேரமே பீற்றர் சிவமலரிடம் நேராகச் சொன்னார். "குறை நினைக்காதேங்கோ. அவர் நல்ல மனுசன். ஆனால் ரெண்டு மணிக்குப் பொலிசுக்குப் போன் எடுக்கமாட்டார். இப்ப வந்திடுவா, இப்ப வந்திடுவா எண்டு விடியுமட்டும் காத்துக்கொண்டு இருப்பார். எனக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆள் வேண்டாம், தேடுற ஆள் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை வேறை ஆள் தாங்கோ. இல்லாட்டி இந்தமுறை விடுங்கோ."

அந்தக் கிழமை அவள் எதிலும் தரிக்கவில்லை. டிப்போவில் ஒரே பஸ்ஸுக்கு இரண்டு சாரதிகளைப் போட்டுவிட்டாள். இருவரும் சாவிக்குச் சண்டை பிடித்தார்கள். யூட்டாவின் வானிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். கணவரைக் கெஞ்சினாள், ஏசினாள், பிறகு பேசாமல் விட்டாள். அவர் சொல்லப் பயப்படுகிற ஒரேயொரு சொல்லுக்காகத் தன் ஒருநாளைப் பறிகொடுப்பதா என்று அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"அப்பாவை ஏன் வதைக்கிறீங்கள்? என்ரை பேரைப் போடுங்கோ" என்றாள் துஷ்யா தொலைபேசியில். சிவமலருக்குச் சட்டென்று இலேசானது. அப்போதே படிவத்தை எடுத்தாள். கணவரின் பெயரைக் கோடு போட்டு வெட்டினாள், மேலே மகளின் பெயரை எழுதினாள். குசினி மேசையில் வைத்துவிட்டு, அரிசி மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது பத்மநாதன் மேசையருகே நின்றார். ஞாயிறு காலை. கோயிலுக்கு வெளிக்கிட்ட வேட்டியோடேயே நின்றார். கையில் படிவம் இருந்தது.

"என்ரை பேரை ஏன் வெட்டினனீர்?"

"நீங்கள்தானே சொல்லமாட்டன் எண்டு நிக்கிறியள்."

"உம்மைத் தேடுறதுக்கு வேறை ஆளோ?"

அவருடைய குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு கிழமைக் கோபம் வாய்க்குள் தயாராக இருந்தது. "நீங்கள் தேடமாட்டியள். காத்துக்கொண்டு இருப்பியள். பீற்றர் அண்ணை சொல்லிப்போட்டார்" என்றாள்.

சொன்னதும் ஏன் சொன்னோம் என்றிருந்தது. பத்மநாதன் கதிரையை இழுத்து மெல்ல இருந்தார்.

"அவர் சொன்னது சரிதான். எங்கடை வீட்டிலை அப்பிடித்தான் இருந்தம்."

அவருடைய பெரியண்ணன் கல்யாணசுந்தரம் இலங்கையில் சண்டைக்காலத்தில் காணாமற்போனவர் என்பது அவளுக்குத் தெரியும். முன்னறையில் படம் இருக்கிறது. இறந்தார் என்று யாரும் சொல்லாததால் மாலை போடுவதில்லை. அதற்கு மேல் அவர் பேசியதுமில்லை, அவள் கேட்டதுமில்லை.

"கிளாலிக் கடலாலை வள்ளத்திலை போகேக்கை, நாலு நாளிலை ஆளிட்டைக் கடிதம் குடுத்துவிடுறன் எண்டு சொன்னவர். நாலு நாள் போட்டுது. அஞ்சும் போட்டுது. கடிதம் வரேல்லை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. திறந்தால் பலிச்சிடும் எண்டு பயம். நானும் திறக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கும் சேத்துத்தான் சோறு போட்டது. பதினேழாம் நாள்தான் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனம். முதல் கிழமையே வந்திருந்தால் ஆரையும் கேட்டிருக்கலாம், இனி ஆரைக் கேக்கிறது எண்டான் அங்கை இருந்தவன்."

சிவமலர் முதுகிலிருந்த பாரத்தை இறக்கக்கூட மறந்து நின்றாள். இருபத்தாறு வருடமாக இந்த மனிதரை மூடநம்பிக்கைக்காரர் என்று பகிடி பண்ணியிருக்கிறாளே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"தேடத் தொடங்குற நேரத்தை எங்களுக்கு ஒருத்தரும் எழுதித் தரேல்லை" என்றார். "இதிலை எழுதியிருக்கு."

தொலைபேசியை எடுத்துப் பீற்றரை அழைத்தார். "பீற்றர், நான் பத்மநாதன். அந்தக் கேள்வியை இன்னொருக்கால் கேளும்."

பீற்றர் கேட்டார்.

"அவ ஏழு மணிக்கு வெளியிலை…" என்று தொடங்கிய பத்மநாதன் படிவத்தை ஒருமுறை பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வராட்டி, எனக்கு இஞ்சை ரெண்டு மணி. ரெண்டு மணி ஒரு நிமிசத்துக்கு நான் பொலிசுக்கு எடுப்பன். ரெண்டரை மட்டும் பாப்பம் எண்டு இருக்கமாட்டன். அவங்கள் சரியாத் தேடாட்டி அடுத்த பிளேனிலை நானே வருவன்."

 "காணும், இது போதும்" என்றார் பீற்றர் மறுபக்கத்தில்.

ஒரு கிழமையாக, "வராட்டி" என்ற அந்தச் சொல்லைக் கணவரிடம் கேட்கத்தான் சிவமலர் தவித்துத் திரிந்தாள். கேட்டபிறகுதான் முதுகுப் பையை இறக்கி வைத்தாள். நூறடிச் சுவரையும் கயிற்றையும் வெள்ளத்தையும் பற்றி இரண்டு மாதமாக ஓயாமல் கதைத்தவள், தான் திரும்பி வராமலும் போகலாம் என்பதை இப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள். அவளுக்குப் பயம் வந்தது. நேரே எதிரில் இருந்த கதிரையில் போய் இருந்தாள். அவர் பேனாவை நீட்டினார். மகளின் பெயரை வெட்டிவிட்டு, அவருடைய பெயரை மறுபடி எழுதினாள்.