ரப்பர் விரிப்புக்கு அடியில்

வேன் வாங்கிய மாதமே ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. பள்ளி வாசலில் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது, நான் கை வைக்காமலே அது அலறும். முன்னால் நிற்பவர் திரும்பி முறைப்பார். நான் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பேன். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரே வேடிக்கை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கிள்ளானில், தாமான் என்கிற வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக் களைத்துப்போய், அதை விட்டுவிட்டு, வேறொருவருடைய பள்ளி வேனைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேனின் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். சொந்தமாக வாங்கினால் புது வண்டிதான் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். பிள்ளையை என்னிடம் ஏற்றிவிட்டு வேலைக்குப் போகிற தாய்க்கு, வண்டியைப் பார்த்ததுமே மனசு அடங்க வேண்டும்.

என் கணவரின் பள்ளிக்கூட நண்பர் ஒருவர் வண்டி விற்கும் கடையில் வேலை செய்தார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு; சில வாரம் அவர் மனைவியும் கூட வருவாள், நாங்களும் அவர்கள் வீட்டுக்குப் போவோம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்தச் சமயம் புது வேனுக்குப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கச்சிக்காக ஒன்றைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி, அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கோயிலில் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்ததும் அவர்தான். அன்று சாயங்காலம் நான் அந்த வண்டிக்குள் சும்மா ஏறி உட்கார்ந்திருந்தேன்.

ஹாரனை அடுத்து வைப்பர் நின்றது. அதன் பிறகு சிக்னல் விளக்கு. ஒரு நாள் கிள்ளான் பாலத்தின் நடுவில், வண்டி நிறையப் பிள்ளைகளோடு, எஞ்சின் அணைந்துபோனது. இரண்டு பக்கமும் லோரிகள். நான் இறங்கி, பின்னால் வந்த வண்டிகளுக்குக் கை காட்டியபடி நின்றேன். ஒரு மலாய்க்காரர் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேனைத் தள்ளிக் கொடுத்தார்.

நண்பர் ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடுதான் வந்தார். "புது வண்டி தங்கச்சி, செட் ஆக கொஞ்ச நாள் எடுக்கும்லா" என்பார். கடையின் வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போவார், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விடுவார். ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். அங்கிருந்த ஃபோர்மேன், பெண்கள் ஓட்டினால் இப்படித்தான் என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னது என் கணவர். சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்து, நான் கிளட்சை மிதிக்கும் விதம் சரியில்லை என்றார், கியரை அவசரப்பட்டு மாற்றுகிறேன் என்றார். பழைய ஓட்டை வேனையே ஒரு குறையும் இல்லாமல் ஓட்டியவள் நான். ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிளட்சில் கால் வைக்கும்போதெல்லாம் கால் தயங்கியது.

ஒரு மதியம் ஒரு பெண்பிள்ளை பின்சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். எல்லாரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சீட்டின் திருகுகளைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை மூலையிலிருந்து உரித்தேன். அடியில் மஞ்சள் நிறத்தில் மாவு மாதிரி மண். காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதில் ஒரு புல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். சுருளுக்குள் இருந்த பகுதி முழுக்கப் பழுப்பு ஏறியிருந்தது.

கிள்ளானில் இருப்பவர்களுக்கு அது என்ன மண் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை வெள்ளம் வந்திருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் அலமாரியின் மூட்டுக்குள் அந்த மண் இருக்கும், அந்த வாடையும் இருக்கும். என் புது வண்டி என் கைக்கு வரும் முன்பே தண்ணீரில் முங்கிக் கிடந்திருக்கிறது.

அந்த மண்ணைக் கொஞ்சம் சுரண்டிப் பேப்பரில் மடித்து வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. உண்மை நண்பர் வாயாலேயே வரட்டும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரும் என் கணவரும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்ததும் பேப்பரைப் பிரித்து மேசைமேல் வைத்தேன்.

"வேனுக்கு உள்ள இருந்துச்சு அண்ணே. இது எப்படி வந்துச்சு?"

அவர் மண்ணைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார்.

"மச்சான், நீ தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலையா?"

நண்பர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் என் கணவர் நடந்ததைச் சொன்னார். மழையில் கடையின் பின்பக்க யார்டில் தண்ணீர் ஏறியதாம். அந்த வேனை எப்படியாவது விற்றே ஆக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று முதலாளி நண்பரிடம் சொல்லிவிட்டாராம். நண்பர் இவரிடம் வந்து அழுதிருக்கிறார். "நல்லா கழுவி, காய வச்சுத்தான் குடுத்தான். உன்கிட்ட சொன்னா வேணாம்னு சொல்லிடுவே" என்றார்.

"அது போகட்டும். நான் ஓட்டுறதுதான் சரியில்லன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் மண்ணைப் பேப்பரோடு மடித்து, எழுந்து வெளியே கொண்டுபோனார். வெள்ளத்தில் முங்கிய வண்டியைக்கூட நான் பொறுத்திருப்பேன். நண்பனுக்கு இரக்கப்பட்டதையும் புரிந்துகொண்டிருப்பேன். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பழி சொன்னாரே, அதுதான் இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, தாய்மார்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போய், வேனை நுழைவாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டி வாங்க வந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். நண்பர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், வெளியே வரவில்லை. வெயில் ஏறியதும் முதலாளி வந்தார். வேறு வண்டி தர முடியாது என்றார். கடைசியில் மின்கம்பிகளை முழுக்க மாற்றி, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து தர ஒத்துக்கொண்டார். செய்தும் கொடுத்தார். அதன் பிறகு அந்த வேன் நடுவழியில் நிற்கவில்லை. நிறுத்தியிருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தரைத்தகடு மட்டும் துரு பிடித்துக்கொண்டே போனது.

நண்பர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இவர்கள் இருவரும் வெளியே எங்கோ சந்தித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடந்தது. ஆனால் என் கணவர் எதையாவது "ஒன்னும் பிரச்சினை இல்ல" என்று சொன்னால், நானே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிற பழக்கம் வந்துவிட்டது.

சில மாதம் கழித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அந்த நண்பரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். ஏன் இப்போதெல்லாம் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று கோபித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்களிடம் என் கையைப் பிடித்தபடியே சொன்னாள்: "இவங்க ஓட்டுற வேன் எங்க வீட்டுக்காரர் பிடிச்சுக் குடுத்ததுதான். எப்படி அக்கா, நல்லா ஓடுதா?"

அவளிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஓடுதுமா" என்றேன்.