அகராதி சொல்லாத ‘விஜில்’

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்கு வந்து மல்வேர்னில் குடியிருந்தோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூட பஸ் நான்கு மணிக்கு வரும். மூன்றரைக்கே நான் பஸ் தரிப்பில் போய் நிற்பேன். போதாததற்கு அவளுடைய குடிவரவுப் பத்திரத்தின் பிரதியைத் தினமும் புத்தகப்பையில் வைத்துவிடுவேன். அடையாள அட்டை இல்லாமல் வெளிக்கிடக் கூடாது என்ற, ஆமிச் சோதனைக்குப் பயந்த ஊர்ப் பழக்கத்தை இங்கேயும் கை தானாகவே செய்தது. யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்புக்குப் போன என் தம்பி திரும்பி வரவில்லை. மகளுக்கு அதை ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் பஸ்ஸால் இறங்கியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

“பிள்ளையள் கேக்கினம், உன்ர அம்மா டிரைவரைப் பாக்கவோ ஒவ்வொரு நாளும் வாறா எண்டு.”

“நல்ல மனுசன்தானே எண்டு சொல்லு.”

“அம்மா, ஐ ஆம் சீரியஸ். இனி வராதேங்கோ.”

மறுநாளும் போய் நின்றேன். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் வகுப்பில் ஒரு பழைய ஆங்கில நாவல். அதிலிருந்து பத்துச் சொற்களை எடுத்து, சொந்தமாக வசனம் அமைக்கவேண்டும். நான் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவள். பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்ற பயத்தில் அத்தியாயங்களை அவளுக்கு முன்னரே வாசித்துவிடுவேன். ‘விஜில்’ என்ற சொல்லில் தடக்கினேன். கையகராதி ‘விழித்திருந்து காத்தல்’ என்றது. காவற்காரரின் வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே வாசித்தேன்.

போருக்குப் போன மகனுக்காக ஒரு தாய் மாலைதோறும் வாசல் கதவடியில் வந்து நிற்கிறாள். அவள் எதையும் காவல் காக்கவில்லை. எதையும் தடுக்க அவளால் முடியாது. தான் பார்த்துக்கொண்டே நின்றால் அவன் வந்துவிடுவான் என்று நம்புகிறாள், அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தச் சொல். புத்தகத்தை மூடிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். கொஞ்சம் கஞ்சி தரையில் சிந்தியது.

அடுத்த வாரம் ஆசிரியை திருத்திக் கொடுத்த கொப்பி மேசையில் விரித்தபடி கிடந்தது. அந்தச் சொல்லுக்கு மகள் எழுதியிருந்த வசனத்தின் பொருள் இது: ‘என் அம்மா பஸ் தரிப்பில் விஜில் இருக்கிறார், அவருடைய தம்பி வராதபடியால்.’

“கொப்பியைப் பாத்தனீங்களோ?” என்று பின்னால் வந்து கேட்டாள்.

“ஓம்.”

“டீச்சர் ஒண்டும் கேக்கேல்லை. சரி போட்டவ.”

“நாளைக்கு நான் வரேல்லை, பிள்ளை.”

அவள் நம்பவில்லை.

மறுநாள் பத்திரப் பிரதியை வழமைபோல் பையில் வைத்தேன். அதை விட முடியவில்லை. ஆனால் தரிப்புக்குப் போகவில்லை. நான்கு பத்துக்குக் கதவு திறந்தது.

“எங்கை நிண்டனீங்கள்?”

“குசினியில, சமைச்சுக்கொண்டு.”

“பொய். முன் யன்னல் கேர்ட்டின் ஆடினது.” சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “நான் சந்தியில நிண்டு கை காட்டினனான். காணேல்லையோ?”

“கண்டனான்” என்றேன்.